சட்டம் வரும் வரைக்கும்

காலை ஆறேகாலுக்குப் பேப்பர் வாசலில் வந்து விழும் சத்தத்துக்காகச் சகாயநாதன் ஆறு மணியிலிருந்தே ஹாலில் உட்கார்ந்திருப்பார். எடுத்துவந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்தில் ஆரம்பிப்பார். கிரிக்கெட் வேண்டாம், சினிமா வேண்டாம், மழை வருமா என்பதுகூட வேண்டாம். அவர் தேடுவது ஒரே ஒரு செய்தியை. கடைசிப் பக்கம் வரை தேடிவிட்டு, "இன்னிக்கும் ஒண்ணும் இல்ல" என்று பேப்பரை மடிப்பார். அடுப்படியிலிருந்து புஷ்பமேரி, "காப்பி எடுத்துக்குங்க" என்பாள். அப்பாடா என்பதை அவள் இரண்டு வருஷமாக அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

விஷயம் இதுதான். நெல்லித்தோப்பில் இருக்கும் இந்த வீட்டை மகன் நெல்சன் பெயருக்கு மட்டும் எழுதிவைக்க வேண்டும், மகள் ஜாஸ்லினுக்கு ஒரு செங்கல்கூடப் போகக் கூடாது என்று சகாயநாதன் வக்கீல் சுடர்விழியிடம் போனார். அந்தப் பெண் பத்திரங்களைப் புரட்டிவிட்டுச் சிரித்தாள். "சார், உங்க கொள்ளுத்தாத்தா இந்த ஊர பிரெஞ்சுக்காரன் ஆண்டப்ப அவன் ரெஜிஸ்தர்ல கையெழுத்து போட்டவரு. எங்களுக்குப் பிரெஞ்சு சட்டமே போதும்னு எழுதிக் குடுத்த குடும்பம் நீங்க. அந்தச் சட்டப்படி பெத்த புள்ளைய முழுசா ஒதுக்க முடியாது. ஏதாச்சும் ஒரு பங்கு குடுத்துதான் ஆவணும்." நாடு முழுக்க ஒரே சட்டம் என்று பேச்சு அடிபடுகிறது, அது வந்தால் இதுவும் மாறலாம், எப்போது வரும், எப்படி வரும் என்று யாருக்கும் தெரியாது என்றும் சொல்லி அனுப்பினாள். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்தப் பேப்பர் வாசிப்பு.

ஜாஸ்லின் அப்படி என்ன கொலைக்குற்றம் செய்துவிட்டாள்? தமிழ்மாறனைக் கட்டிக்கொண்டாள். மில் தொழிலாளி மகன், வேறு மதம், கூரியர் கம்பெனியில் வேலை. அதைக்கூட மனுஷன் ஒரு வழியாக விழுங்கியிருப்பார் என்றுதான் புஷ்பமேரி நினைத்தாள். அவர் விழுங்க முடியாதது வேறு. முப்பத்துநாலு வருஷம் பிறப்பு, இறப்பு, கல்யாணம் பதிகிற ஆபீசில் ரெஜிஸ்தர் எழுதியவர் அவர். ஒரு வரி விடுபடாது, ஓர் எழுத்து தப்பாது. பதிவுத் திருமணத்துக்கு முன்னால் ஒட்டவேண்டிய அறிவிப்பை ஜாஸ்லினுக்கும் அதே ஆபீஸ் பலகையில்தான் ஒட்டினார்கள். முப்பது நாள் அது அங்கே இருந்தது. முப்பது நாளும் அவர் அதைத் தாண்டித்தான் போய்வந்தார். ஆபீசில் அத்தனை பேரும் படித்திருந்தார்கள், அவரைத் தவிர. ஓய்வு பெற ஆறு மாசம் இருந்தது. அந்த ஆறு மாசமும் அவர் மதியச் சாப்பாட்டை வீட்டுக்கு வந்து சாப்பிட்டார்.

அது நடந்து ஆறு வருஷம் ஆகிறது. ஜாஸ்லினுக்கு ஆஷ்லின் என்று ஒரு பெண் பிறந்து, பள்ளிக்கூடமும் போக ஆரம்பித்துவிட்டது. புஷ்பமேரி மாசம் ஒருமுறை, ஆஸ்பத்திரிக்குச் சர்க்கரை மாத்திரை வாங்கப் போகும் சாக்கில் கோரிமேட்டில் இறங்கி மகள் வீட்டுக்குப் போய்வருவாள். மாத்திரை வாங்க நாலு மணி நேரமா என்று அவர் கேட்டதில்லை.

போன சனிக்கிழமை தேவதாஸ் வந்தார். சகாயநாதனுக்குப் பால்ய சிநேகிதர். கொள்ளுத்தாத்தா காலத்தில் கையெழுத்துப் போட்ட குடும்பங்களுக்கென்று ஒரு சங்கம் இருக்கிறது, அதற்குச் செயலாளர்.

"போன்ழூர் முசியே!" என்று செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார். "புதுச் சட்டம் வந்தா நம்ம சட்டத்த அப்படியே உட்டுடுங்கன்னு டில்லிக்கு மனு குடுக்கறோம். நூத்தி நாப்பது வருஷ மரியாதை. நீதான் மொதல்ல போடணும்."

சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் கொள்ளுத்தாத்தாவின் கையெழுத்து தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வரும் அத்தனை பேருக்கும் அதைக் காட்டிக் கதை சொல்லாமல் காப்பி கொடுத்ததில்லை சகாயநாதன். இப்போது அதன் பக்கம் திரும்பவே இல்லை. "வெச்சிட்டுப் போ. படிச்சுப் பாத்துட்டு போடறேன்" என்றார்.

"இதுல படிக்க இன்னா இருக்குது?"

"ஃபாரத்த படிக்காம கையெழுத்து போடறவன் நான் இல்ல."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு தேவதாஸ் போனார். மனு டிவி ஸ்டாண்டின் மேல் கிடந்தது. கையெழுத்துப் போட்டால் மகளுக்குப் பங்கு நிற்கட்டும் என்று தானே கேட்டதாக ஆகும். போடாவிட்டால் சுவரில் இருப்பவருக்குப் பதில் சொல்ல வேண்டும். அந்த வாரம் முழுக்க அவர் பேப்பரை மூன்றாம் பக்கத்தோடு மடித்துவிட்டார். புஷ்பமேரிக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, நன்றாக மாட்டிக்கொண்டார் என்று கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டையும் சேர்த்தே மாதாவிடம் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அவள் அந்த மனுவை எடுத்து மேசையில் விரித்தாள். "நான் போடலாமா?"

அவர் நிமிர்ந்தார். கல்யாணமான முப்பத்தெட்டு வருஷத்தில், எந்தக் காகிதத்திலும் அவர் போடுவதற்கு முன்னால் அவள் கையெழுத்துப் போட்டதில்லை.

"மேஜரான எல்லாரும் போடலாம்" என்றார் மெதுவாக. "எங்க போடணும்னு காட்டறேன், இரு. மொதல்ல பேர எழுதணும்."

பேனாவை எடுத்தார். கை பழைய ஆபீஸ் கையாகிவிட்டது. குடும்ப உறுப்பினர் விவரம், வரிசை எண், பெயர், பிறந்த தேதி. தன் பெயரை எழுதினார். அவள் பெயரை எழுதினார். நெல்சன். நாலாவது வரியில் பேனா நின்றது.

"வரிய காலியா உடக் கூடாது" என்று தனக்குள் முணுமுணுத்துக்கொண்டு ஜாஸ்லின் பெயரையும் தேதியையும் எழுதினார். கீழே மைனர் பிள்ளைகள் என்று ஒரு கட்டம். ஆஷ்லின் என்று எழுதினார். பிறந்த தேதியை அவளிடம் கேட்பார் என்று புஷ்பமேரி வாயைத் திறந்து தயாராக நின்றாள். அவர் கேட்கவில்லை. மார்ச் பதினெட்டு, வருஷத்தோடு எழுதினார். பக்கத்தில், யாரும் கேட்காமலே, பிறப்புப் பதிவு எண்ணையும் எழுதினார்.

வருஷா வருஷம் பென்ஷனுக்கு உயிரோடிருக்கும் சான்று கொடுக்கப் போகிறவர், பழைய ஆபீசை எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன் என்பார். எதை எட்டிப் பார்த்தார் என்று இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் வரியில் கையெழுத்துப் போட்டாள்.

"நீங்க?"

"குடும்பத் தலைவன் கடைசியாதான் போடணும். நெல்சன் சாயங்காலம் வருவான்." பேனாவை மூடித் திறந்தார். "நாலாவது ஆளு நேர்ல வந்து போடணும். அவளுக்காக அடுத்தவங்க போட்டா நான் வாங்க மாட்டேன்."

புஷ்பமேரி அடுப்படிக்குப் போய் மகளுக்கு போன் போட்டாள். "உங்கப்பாவுக்கு உன் கையெழுத்து வேணுமாம்டி."

"எனக்கு எதுவும் வேணாம்னு எழுதி வாங்கறாரா? வாங்கட்டும்மா. போட்டுத் தரேன்."

"லூசு. நீ வா. வந்து படிச்சுப் பாத்துட்டு போடு."

"ஆஷ்லின் வீட்ல தனியா இருக்க மாட்டாம்மா. இவரு வேற டூட்டிக்குப் போயிருக்காரு."

புஷ்பமேரி போனைக் காதிலிருந்து எடுக்காமல் ஹாலை எட்டிப் பார்த்தாள். மின்விசிறிக் காற்றில் பறக்காமலிருக்க மனுவின் மேல் கண்ணாடிக் கூட்டை வைத்துவிட்டு, சகாயநாதன் மேசைக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். போட்டதும் கையால் அழுத்தி ஆட்டிப் பார்த்தார். அப்புறம் மூலையில் கிடந்த சின்ன ஸ்டூலையும் தூக்கி வந்து, வேட்டி நுனியால் தூசி தட்டி, அதன் பக்கத்தில் வைத்தார்.