தொடர்புடைய பட்டம் அல்லது அதற்கு நிகரானது

1.
இது நான் எழுதித் தோற்ற ஒரு கட்டுரையிலிருந்து பிறந்த கதை. ஈப்போவை அடுத்த குனோங் ராபாட்டில் என் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளியிருக்கும் நவமணி, சுகாதாரத் தகவலியல் முதுகலைக்கு விண்ணப்பிக்க வேண்டும், ‘இந்தப் படிப்பு எனக்கு ஏன் வேண்டும்’ என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார். எழுதினேன்.

ரப்பர் மரங்களின் நிழலில் பிறந்த அந்தச் சிறுமி...

“அண்ணே, நான் பத்து காஜா ஆஸ்பத்திரியில பொறந்தவ லா.”

கண்ணீரை மையாக்கி அவள்...

“யாரு அழுதா?”

இரண்டையும் அடித்துவிட்டுத் தானே எழுதிக்கொண்டார். அவர் எழுதியதும் அதன்பிறகு நடந்ததும் கீழே, என் வார்த்தையில்.

2.
நவமணிக்கு வயது நாற்பத்து மூன்று. ஈப்போவில் ஒரு மருத்துவமனையில் (பெயர் வேண்டாம் என்றார்) பத்தொன்பது வருடமாக நோயாளிப் பதிவேட்டுப் பிரிவில் வேலை. ஒரு காலை, பழைய ரப்பர் தோட்டப் பக்கத்திலிருந்து காலில் புண்ணோடு வீரம்மா என்ற பெண் வந்தார். புது நோயாளி என்றது கணினி.

“முன்ன இங்க வந்திருக்கீங்களாம்மா?”

“மூணு வாட்டி வந்துட்டேனே!”

நவமணி ஆங்கில எழுத்தில் பெயரை மாற்றி மாற்றித் தட்டினார். ஓர் எழுத்தைக் குறைத்ததும் பழைய கோப்பு வந்தது. அதில் சிவப்பில்: பெனிசிலின் ஆகாது. அதற்குள் வீரம்மாவை உள்ளே அழைத்திருந்தார்கள்; எழுந்து சிகிச்சை அறைக்கு ஓடினார்.

ஊசிமுனை தோலைத் தொடும் அந்த நொடியில்...

(பொய். தாதி அப்போதுதான் மருந்துக் குப்பியை எடுத்திருந்தார். “அது போதாதா அண்ணே?” என்றார் நவமணி. போதும்.)

அன்று தொடங்கி ஆறு வருடம், ஒரே தமிழ்ப் பெயர் எத்தனை விதமாகப் பதிவாகியிருக்கிறது என்று எழுதிவைத்தார். ஆயிரத்து நானூறு பெயர்கள்.

3.
சேர்க்கை நிபந்தனையின் முதல் வரி: தொடர்புடைய இளங்கலைப் பட்டம். அவரிடம் இருப்பது பள்ளிப் படிப்பின் கடைசித் தேர்வான எஸ்.டி.பி.எம். சான்றிதழ்.

“சூசா லா அக்கா, ரொம்பக் கஷ்டம். டிகிரி இல்லாம மாஸ்டரா?” என்றான் உடன் வேலை செய்யும் ரூபன்.

ஆனால் கடைசி வரியில் ஒரு கதவு இருந்தது. பட்டத்துக்குப் பதில் வேலை அனுபவம். அதை மெய்ப்பிக்கும் ஆவணத் தொகுப்பு, ஒரு தேர்வு, நேர்முகம். தேர்வில் முதல் தடவை தோற்றார். (இங்கே எனக்கே என் கதாபாத்திரத்தின்மேல் ஐயம் வந்து, விட்டுவிடுவாரோ என்று பேனாவை வைத்துவிட்டேன். அவர் வைக்கவில்லை.) இரண்டாம் தடவை தேறினார்.

4.
நேர்முகம் இணையவழி. மூன்று பேராசிரியர்கள். பேசியது மலாயில், எழுதுவது நான் என்பதால் தமிழில்.

“கணினி நிரல் எழுதத் தெரியுமா?”

“தெரியாது சார். அதுக்கு ஆயத்தப் பாடம் இருக்குன்னு நிபந்தனையில போட்டிருக்கீங்க. படிச்சிடுவேன். ஆனா வீரம்மாங்கிற பேர எத்தனை விதமா எழுதலாம்னு உங்க கம்ப்யூட்டருக்குத் தெரியுமா சார்?”

நடுவில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றினார். “எத்தனை?”

“பதினொண்ணு. பட்டியலக் காட்டவா?”

பதினைந்து நிமிட நேர்முகம் ஒரு மணி நேரம் ஓடியது.

5.
மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. அதைப் படித்து அவர் சுவரில் சாய்ந்து அழுதார் என்று எழுதினேன். அதையும் அடித்துவிட்டார். ரூபன் கைகொடுத்து “மன்னிச்சிருங்கக்கா” என்றான் என்று எழுதினேன். “அவன் அப்படிச் சொல்ற ஆளே இல்லண்ணே. ‘எனக்கும் அந்த ஃபார்ம அனுப்புங்க’ன்னான்.”

ஆக, கடிதம் வந்த அந்த மாலையை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். மழை வேண்டுமானால் பெய்யட்டும். அவர் ஆடட்டும், கத்தட்டும், அழக்கூட அழட்டும், நவமணியிடம் நான் பேசிக்கொள்கிறேன். ஒரு வரியில் மட்டும் கைவைக்காதீர்கள்:

ஏற்றுக்கொள்ளப்பட்டார்.