வேர்க்கும் குடும்பப் படம்

தையல்காரம்மா வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் குடும்பப் படத்துக்குக் கோடை வந்தால் வேர்க்கும். கண்ணாடியில் ஆவி படிவதைச் சொல்லவில்லை, சுவரில் ஓதம் ஏறுவதையும் சொல்லவில்லை. படத்தில் நிற்கிறவர்களுக்கு வேர்க்கும். அவருடைய கணவர் பஸ் டிரைவர். அவருக்கு நெற்றியில் முத்து முத்தாக அரும்பும். தையல்காரம்மாவுக்குக் கழுத்தில் வழியும். மகள் சின்னவளுக்கு மூக்கு நுனியில் ஒரு சொட்டு விழட்டுமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருக்கும். மூத்த மகன் பெரியவனுக்கோ குடத்தோடு தண்ணீரைக் கவிழ்த்தது போலத் தலை முதல் நனைந்துவிடும். சட்டத்துக்குக் கீழே ஒரு எவர்சில்வர் கிண்ணம் வைத்திருந்தார்கள். சின்னவள் ஒருநாள் அதில் விரலை விட்டு நக்கிப் பார்த்து, "உப்புக் கரிக்குதும்மா" என்று சொன்ன பிறகு அந்த வீட்டில் யாருக்கும் சந்தேகமில்லை. வெளியே இருக்கிறவர்களிடம் நான் வரிந்து கட்டிக்கொண்டு வாதாடப் போவதில்லை. எங்கள் தெருவில் பாதிப் பேர் நேரில் பார்த்திருக்கிறோம்.

எல்லாம் அந்தத் துணியால் வந்த வினை. தையல்காரம்மா பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கும் கடையில் வேலை பார்த்தார். எங்கோ குளிர்ப் பிரதேசத்துப் பள்ளிக்கூடம் ஒன்று கோட்டு தைக்கச் சொல்லித் தேவைக்கு மேல் கம்பளித் துணி அனுப்பிவிட்டது. மிச்சத்தை முதலாளி இவர் தலையில் கட்டினார். கருநீலம். மடியில் வைத்துக்கொண்டாலே தொடை வேகும். ஆனால் சும்மா வந்த நல்ல துணியைக் குப்பையில் போட எந்தத் தையல்காரிக்கு மனசு வரும்? கல்யாணமானதிலிருந்து குடும்பமாக ஒரு படம் எடுத்ததில்லை என்ற குறை வேறு அவருக்கு இருந்தது. நான்கு பேருக்கும் ஒரே மாதிரிக் கோட்டு தைத்து முடித்தார். நான்கு பேருக்கும் ஒன்றாக விடுமுறை வாய்த்தது மண்டை பிளக்கிற கோடையில். ஒரு நிமிஷம் நின்றால் போதும், அதற்குள் என்ன உருகியா போய்விடுவோம் என்று அவர் எல்லோரையும் கிளப்பினார்.

பெரியவனுக்கு அப்போது பேக்கரியில் அடுப்படி வேலை. இரவு முழுக்க ரொட்டி சுட்டுவிட்டு நேராக ஸ்டூடியோவுக்கு வந்தவன், கோட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டான். "அடுப்புல வெந்து போய் வந்திருக்கேன். இதுக்கு மேல கம்பளியா? விளையாடுறியாம்மா?" என்றான். "அம்மா கண்ணு முழிச்சுத் தச்சிருக்கா. வாயை மூடிட்டுப் போடு" என்றார் டிரைவர். போட்டுக்கொண்டான். விளக்குகளைப் போட்டார்கள், படம் எடுத்தார்கள். அடுத்த நொடி கோட்டை உரித்துத் தரையில் எறிந்தான். தையல்காரம்மா குனிந்து அதை எடுத்தார். அவர் குனிந்ததைப் பார்த்ததும் டிரைவருக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ! "அந்தக் கோட்டுக்குள்ள உன்னால அடங்க முடியலன்னா என் வீட்டுக்குள்ளயும் அடங்க வேணாம். போடா" என்று ஸ்டூடியோக்காரர் முன்னாலேயே சொல்லிவிட்டார். அப்பன்மார்கள் நாளுக்குப் பத்துத் தடவை சொல்கிற வார்த்தைதான். சொன்னால் போய்விடுகிற பிள்ளை என்று அவருக்குத் தெரியவில்லை. வீட்டுக்குப் படம் மட்டும்தான் வந்து சேர்ந்தது.

தேடாத இடமில்லை. ஊர் ஊராகப் பேக்கரி வாசலில் போய் நின்றார்கள், ஆளைக் காணோம். அடுத்த கோடையில் படம் வேர்க்கத் தொடங்கியது. பாவம் என்று அதன் முன்னால் ஒரு மேசை விசிறியைத் திருப்பி வைத்தார்கள். வெயில் தணிந்து மழைக்காலம் வந்தபோது மூன்று பேருக்கு வேர்வை நின்றது. பெரியவனுக்கு நிற்கவில்லை. தையல்காரம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்று, கடைசியில் நிம்மதியாக ஒரு மூச்சு விட்டார். "அடுப்புக்கிட்டதான் நிக்கிறான். உசுரோட இருக்கான்" என்றார். அன்று முதல் அந்த வீட்டில் அது ஒன்றுதான் செய்தி. இரவில் வேர்த்து விடிந்ததும் காய்ந்தால் இரவு வேலை; பகலில் வேர்த்தால் வேலை மாறியிருக்கிறான். ஒரு தடவை அவன் முகம் சிவந்து, வேர்வை கொட்டி, தொட்டால் கை சுட்டது. காய்ச்சல்தான், வேறென்ன! ஈரத்துணியைப் பிழிந்து படத்தின் நெற்றியில் போட்டுப் போட்டு, அது தணிகிற வரை தையல்காரம்மா கடைக்குப் போகவில்லை. டிரைவர் மட்டும் அந்தப் படத்தை நிமிர்ந்து பார்க்கமாட்டார். அதற்கு முதுகைக் காட்டித்தான் சாப்பிடுவார். ஆனால் டியூட்டி முடிந்து வந்ததும், "என்னவாம்?" என்று யாரிடமோ கேட்பது போலக் கேட்பார். "வேர்க்குது" என்று பதில் வந்தால் கைகால் கழுவப் போவார். இப்படியே சின்னவள் படித்து முடித்து மருந்துக்கடையில் வேலைக்கும் சேர்ந்துவிட்டாள்.

அப்புறம் வந்தது அந்தப் பொல்லாத கோடை. தார் உருகிச் செருப்பில் ஒட்டியது. படத்தில் மூன்று பேரும் தெப்பமாக நனைந்திருந்தார்கள். பெரியவன் மட்டும் பவுடர் போட்டது போலக் காய்ந்திருந்தான். ஒருநாள் பார்த்தார்கள், ஒரு வாரம் பார்த்தார்கள், ஒரு பொட்டு ஈரம் இல்லை. தையல்காரம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. "ஏசி ரூம்ல வேலை கிடைச்சிருக்கும்மா" என்றாள் சின்னவள். சொன்ன அவளே அதை நம்பவில்லை. டிரைவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முதன்முறையாகப் படத்துக்கு நேராக உட்கார்ந்தார். எழுந்திருக்கவே இல்லை. டிப்போவிலிருந்து ஆள் வந்து கூப்பிட்ட பிறகுதான் எழுந்தார்.

மறுநாள் காலை தையல்காரம்மா முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து ஒரு முடிவு சொன்னார். "இதுல அவன் இல்ல. இந்தக் கம்பளியை விட்டு வெளிய வந்துட்டான். அவன் வந்து நிக்கிறதுக்கு வேற படம் எடுக்கணும்." இதில் நியாயம் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. வேறு என்ன செய்வதென்று யாருக்கும் தெரியாதபோது, செய்வதற்கு ஒன்று இருக்கிறதே என்பதே பெரிய ஆறுதல்.

இந்தத் தடவை துணி விஷயத்தில் அவர் ஏமாறத் தயாராக இல்லை. கழுத்தைத் தொடுகிற எதுவும் கூடாது, பருத்தி தவிர எதுவும் கூடாது, வேர்த்தால் வெளியே தெரியவும் கூடாது. தைத்துப் பார்த்த ஒவ்வொன்றையும் ஆளுக்கு மாட்டிவிட்டு மொட்டை மாடியில் உச்சி வெயிலில் உட்கார வைத்தார். தெருவே வேடிக்கை பார்த்தது. சாம்பல் நிறம் அக்குளைக் காட்டிக்கொடுத்தது. இளநீலம் முதுகில் மேப் வரைந்தது. வெள்ளையில் டிரைவரின் பனியனும் அதிலிருந்த ஓட்டையும் தெரிந்தன. கடைசியில் பொடிப் பூப்போட்ட மெல்லிய துணிதான் தேறியது. எவ்வளவு வேர்த்தாலும் பூவுக்கு நடுவே அது தெரியவில்லை. "பூப்போட்ட சட்டையா? ஸ்டியரிங் பிடிக்கிற கை இது. டிப்போல என்னை உயிரோட விடுவானுங்களா?" என்று டிரைவர் குதித்தார். "டிப்போக்கா படம் எடுக்கிறோம்?" என்றாள் சின்னவள். அவர் முனகிக்கொண்டே மாட்டிப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது.

பெரியவனுக்கும் ஒரு சட்டை வேண்டும். பஸ் நிறுத்தத்தில் நிற்கிற அவன் வயது ஆண்களின் தோள்களைத் தையல்காரம்மா வெட்கமில்லாமல் கண்ணால் அளந்தார். "ஐயோ, அம்மா!" என்று சின்னவள் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டாள். அளவு ஒருவழியாக வந்தது. என்ன நிறம் என்று சின்னவள் கேட்டபோதுதான் அவருக்குக் கத்தரிக்கோல் கையில் நின்றுவிட்டது. அவனுக்கு எது பிடிக்கும்? பிறந்ததிலிருந்து மிச்சம் வந்த யூனிஃபார்ம் துணியைத்தான் தைத்துப் போட்டிருக்கிறார், ஒருநாளும் கேட்டதில்லை. "பெத்த பிள்ளைக்கு என்ன கலர் பிடிக்கும்னு தெரியலையே. நானெல்லாம் ஒரு அம்மாவா?" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

"பச்சை" என்றார் டிரைவர்.

இரண்டு பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். "அப்போ நான் ஓட்டினது பச்சை பஸ். ஸ்கூல் விட்டதும் நிறுத்தத்துல நிப்பான். வேற பஸ் எது வந்தாலும் ஏறமாட்டான். மழை பெஞ்சாலும் ஏறமாட்டான். பச்சை வந்தாத்தான்." இத்தனை வருஷம் அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வந்தது, பூப்போட்ட சட்டையின் கையால் துடைத்துத் துடைத்து மாளவில்லை. தையல்காரம்மா எழுந்து போய்ப் பச்சைத் துணி வாங்கி வந்தார். இலைப் பச்சை, மெல்லிய பருத்தி, அரைக்கை.

ஸ்டூடியோக்காரர் பழைய ஆள்தான். தலை மட்டும் வழுக்கை விழுந்திருந்தது. நடுவில் ஒரு நாற்காலி போட்டு அதன் முதுகில் பச்சைச் சட்டையை மாட்டியபோது அவர் விளக்குகளைத் திருப்பிக்கொண்டிருந்தார். கேமராவுக்குள் பார்த்த பிறகுதான் தொழில் புத்தி எட்டிப் பார்த்தது. "நடுவுல இடம் விட்டா படம் பல்லு போன வாய் மாதிரி இருக்கும்மா. நாற்காலியை எடுத்துட்டு நெருங்கி நில்லுங்க" என்றார். தையல்காரம்மா வாயைத் திறப்பதற்குள் டிரைவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "அது என் பையன் இடம். நான் நகர மாட்டேன், அதுவும் நகராது. நீங்க எடுங்க." ஸ்டூடியோக்காரர் எடுத்தார். விளக்கு மின்னி அணைந்தபோது நாற்காலி வெறுமையாக இருந்தது. சட்டையைக் காணோம். அவர் நாற்காலிக்கு அடியில் பார்த்தார், திரைக்குப் பின்னால் பார்த்தார். "சத்தியமா நான் எடுக்கலைங்க" என்று திருடன் மாதிரி முழித்தார். "தேடாதீங்க. போக வேண்டிய இடத்துக்குப் போயிருக்கும்" என்றார் தையல்காரம்மா.

புதுப் படத்திலும் நாற்காலி காலியாகத்தான் பதிந்திருந்தது. அதைப் பழையதற்குப் பக்கத்திலேயே மாட்டினார்கள். அதில் யாருக்கும் வேர்க்கவில்லை. பருத்தி பருத்திதான். தையல்காரம்மா திரும்ப வேலைக்குப் போனார், சாப்பிட்டார், ஆனால் உள்ளுக்குள் ஒரே அரிப்பு. தோள் பத்துமா, நீளம் போதுமா, கையைக் குறைத்து வெட்டிவிட்டோமா என்று சின்னவளைப் போட்டு அரித்தெடுத்தார். டிரைவர் டியூட்டி முடிந்து வந்தால் உள்ளே போகாமல் வாசல்படியிலேயே உட்கார்ந்திருப்பார். காற்றுக்காக என்று சொல்லுவார். அந்தத் தெருவில் காற்று வீசி யாரும் பார்த்ததில்லை.

வெயில் இறங்காத ஒரு பிற்பகலில் வாசலில் ஓர் ஆள் வந்து நின்றான். லேசாகத் தொப்பை, காதோரம் நரை, தோளில் ஒரு பை, உடம்பில் இலைப் பச்சைச் சட்டை. வாசல்படியில் உட்கார்ந்திருந்த டிரைவர் எழுந்தார். மிஷின் சத்தம் நின்று தையல்காரம்மா வெளியே வந்தார், சின்னவள் பின்னாலேயே ஓடி வந்தாள். அத்தனை வருஷத்துக்குப் பிறகு அவன் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு இதுதான்: "கை பிடிக்குதும்மா." சொல்லிக்கொண்டே கையைத் தூக்கிக் காட்டினான். அக்குளில் தையல் விட்டுப் போயிருந்தது. ரொட்டித் தட்டும் மூட்டையும் தூக்கித் தூக்கி அவன் தோள் அம்மா நினைத்ததை விட அகலமாகியிருந்தது.

கோடைக்கு முன்னால் அடுப்படி வேலையை விட்டுவிட்டு ஐஸ் ஃபேக்டரியில் சேர்ந்தானாம். ஒருநாள் வேலை முடிந்து வந்து பார்த்தால் அவன் ஆணியில் பச்சைச் சட்டை தொங்கியதாம். யாருடையது என்று காலரைத் திருப்பிப் பார்த்தானாம், உள்பக்கத் தையலைப் பார்த்ததும் தெரிந்துவிட்டதாம். போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டான். இதையெல்லாம் அப்புறம்தான் சொன்னான். அப்போது வாசலில் நின்றபடியே அப்பாவைப் பார்த்தான். டிரைவர் படியை விட்டு ஒதுங்கி நின்றார். "வெயில்ல நிக்காத. உள்ள வாடா" என்றார். அவன் உள்ளே வந்தான்.

"கழட்டு, பிரிச்சுத் தர்றேன்" என்று தையல்காரம்மா சட்டையை வாங்கிக்கொண்டு மிஷினில் உட்கார்ந்தார். கண் மறைத்ததால் ஊசியில் நூல் கோக்கச் சின்னவள்தான் வர வேண்டியிருந்தது. அக்குளில் துண்டு வைத்துத் தோளை அகலமாக்கினார். எத்தனையோ பிள்ளைகளுக்குத் தைத்து ஒரு தையலும் திரும்பி வந்ததில்லை என்று பேர் வாங்கியவர் அவர். அன்று சாயங்காலமே தெருவில் வீடு வீடாகப் போய், "என் பையனுக்கு அளவு தப்பா தச்சுட்டேன்" என்று சிரித்துச் சிரித்துச் சொல்லிவிட்டு வந்தார்.