பலகையில் ஏழாவது பெயர்

ஈஸ்டர் விடுமுறைக்கு மலைக்குடிலுக்கு வந்து சேர்ந்ததும் ஓட்வார் காரிலிருந்து முதலில் இறக்கியது சாப்பாட்டுப் பெட்டியை அல்ல, புத்தம்புது வீடியோ கேம் கருவியை. அக்கா சோல்ஃப்ரிட் தன் பழைய கருவியை அணைத்துப் பிடித்தபடி அதையே பார்த்தாள்.

சுவரில் தொங்கும் பலகையில் ஆறு வருடமாகத் தம்பி பெயர்தான். ஈஸ்டர் கார் பந்தயத்தில் தோற்றவர், வென்றவரின் பெயரைப் பழுக்கக் காய்ச்சிய ஆணியால் அதில் சுட்டு எழுத வேண்டும். ஆறு தடவையும் எழுதியவள் அவள்தான். பெர்கன் நகரில் பகலெல்லாம் பஸ் ஓட்டிவிட்டு, பழைய ஆட்டத்தின் கடைசி வளைவை இந்தக் குளிர்காலம் முழுக்க விரல் காய்க்கப் பழகியிருந்தாள். புதுக் கருவி என்றால் புது ஆட்டம். பழகியதெல்லாம் பாழ்.

"இன்னுமா அந்த ஓட்டை டப்பாவைத் தூக்கிட்டு வர்றே? ஊரே மாறிடுச்சுக்கா. காசில்லேன்னா சொல்லு, நான் வாங்கித் தரேன்."

"காசெல்லாம் இருக்குடா. ஓடுறதை எதுக்குத் தூக்கிப் போடணும்? எனக்குப் பிடிச்ச ஆட்டம் இதுலதான் இருக்கு. புதுசுல என்ன, புல்லு இன்னும் கொஞ்சம் பச்சையாத் தெரியுமா?"

"தோக்கறவங்க எல்லாம் இப்படித்தான் பேசுவாங்க."

ஓட்வார் புதுக் கருவியின் பொத்தானை அழுத்தினான். இணையத்தில் இணைத்துப் புதுப்பித்தால்தான் ஆட்டம் என்றது திரை. குடிலில் ஏது இணையம்? கழிப்பறைக்குப் பின்னாலிருக்கும் பாறையில் மட்டும் போனில் சிக்னல் ஒரே ஒரு கோடு தெரியும். அவன் விடவில்லை. போனைப் பனிச்சறுக்குக் கோலில் கட்டி அந்தப் பாறையில் நட்டுவிட்டு, மூக்கு சிவக்கத் திரும்பி வந்தான்.

திரை சொன்னது: புதுப்பித்து முடிய இன்னும் ஒன்பது நாள்.

அவன் மனைவி ராக்னா ஆரஞ்சு உரித்தபடியே சொன்னாள். "பரவாயில்லே, நாம ஊருக்குப் போய் நாலு நாள்ல முடிஞ்சிரும்."

சோல்ஃப்ரிட் பழைய கருவியை எடுத்துப் பொருத்தினாள். அது உறுமிக்கொண்டு கிளம்பியது. அரை நிமிடத்தில் இருவரும் பந்தயக் கோட்டில் நின்றார்கள்.

ஓட்வாரும் லேசுப்பட்டவன் இல்லை. முதல் இரண்டு சுற்றும் அவனே முன்னால். கடைசி வளைவில் அவன் வேகத்தைக் குறைத்தான். அவள் குறைக்கவில்லை. உள்விளிம்பை உரசிக்கொண்டு அவள் கார் பாய்ந்தது. அரைக் கார் நீளத்தில் ஜெயித்தாள்! சோபாவில் ஏறி நின்று, தொண்டை கிழியக் கத்தினாள்.

ராக்னா அதற்குள் ஆணியை அடுப்பில் வைத்திருந்தாள்.

"உன் பேரு ரொம்ப நீளம்க்கா. சுருக்கி எழுதவா?"

"ஆறு வருஷமா உன் பேரை முழுசா எழுதினவடா நான். ஒரு எழுத்து குறையக் கூடாது!"

அவன் குனிந்து எழுதத் தொடங்கினான். கருகிய மரவாசனை குடில் முழுக்கப் பரவியது. ஆறு வருடமாக அவளுக்குப் பிடிக்காத வாசனை அது. இன்று நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டாள்.