வேம்புலி பிடித்த முதல் குடித்தனம்

"நான் சொல்றத முழுசா கேளு அங்கம்மா..."

"சொன்னியா, இல்லியா? அத்த மட்டும் சொல்லு."

"வாய்ல வந்துட்ச்சி. வேணும்னு ஒண்ணும்..."

"வாய்ல வருமா? தங்கச்சி புருஷன் செத்துட்டான்னு உன் வாய்ல அதுவா வருமா? சோறு துன்ற வாயா அது, இன்னா வாயி?"

"மெதுவா பேசு. குடி வர்றவங்க வண்டி வர்ற நேரம்."

"வரட்டும். நல்லா வரட்டும். நேத்து ஊடு பாக்க வந்த அந்தம்மா ஏரிக்கரையில என் கையப் புடிச்சிகினு, 'கேள்விப்பட்டேன்க்கா, கர்த்தர் உங்களுக்குத் துணையா இருப்பார்'னு சொல்லுது. நான் இடுப்புல கொடத்தோட நிக்கிறேன். எதுக்குத் துணை, இன்னா கேள்விப்பட்டுதுன்னு வெளங்காம பல்ல இளிச்சேன் அண்ணா. இளிச்சேன்!"

வேம்புலி தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினான். மறுபடி தோளிலேயே போட்டுக்கொண்டான். அயனம்பாக்கத்தில் அவன் வாய்க்கு முன்னால் யாரும் நின்று பேசமுடியாது என்று பெயர். அந்த வாய் இன்றைக்கு அடைத்துப்போய்க் கிடந்தது.

போன வருஷம் வரைக்கும் அவன் மாட்டுத் தரகன். சந்தையில் மாடு வாங்க வருகிறவன் பல்லைப் பார்ப்பான், சுழியைப் பார்ப்பான், வாலைத் தூக்கிப் பார்ப்பான். எல்லாம் பார்த்து முடித்துவிட்டு ஒரு கேள்வி கேட்பான்: "இவ்ளோ நல்ல மாடுன்னா ஏன் விக்கிறான்?" அந்தக் கேள்விக்குத்தான் தரகன் வேண்டும். பெண்ணுக்குக் கல்யாணம் என்றால், அப்படியானால் கிழட்டு மாட்டை விற்கவேண்டியதுதானே என்பான். தீனி இல்லை என்றால், அதிகம் தின்கிற மாடு போலிருக்கிறது என்பான். மாட்டின்மேல் ஒரு குறையும் ஒட்டாத காரணம் ஒன்றே ஒன்றுதான். "மாட்டுக்காரன் செத்துட்டான்பா. பொம்பள ஒண்டியா இன்னா பண்ணுவா?" அதற்கப்புறம் பேச்சே இருக்காது. துண்டைப் போட்டு, அதற்கடியில் விரலைப் பிடித்து, விலையைப் பேசி முடிக்கவேண்டியதுதான். இப்படி வேம்புலி சந்தைக்குச் சந்தை ஆளைக் கொன்றிருக்கிறான். செத்தவன் அன்று சாயங்காலமே கள்ளுக்கடையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "என்னிய எதுல சாவடிச்சே மாமே, காலராவா, பாம்பா?" என்று கேட்டுச் சிரிப்பான். அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை.

அப்புறம் யுத்தம் வந்தது. ஆவடிப் பக்கம் மேய்ச்சல் நிலமெல்லாம் பட்டாளத்துக்காரர்கள் கம்பி வேலி போட்டு வளைத்துக்கொண்டார்கள். மாடு வைத்திருந்தவர்கள் வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். சந்தை கூடாமல் போயிற்று. அதே சமயம், பட்டணத்தில் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்ற பீதியில் ஜனம் மூட்டை முடிச்சோடு ரயில் ரயிலாக இந்தப் பக்கம் வந்து இறங்கியது. வீடு, வீடு என்று அலைந்தது. "நாலு காலுக்குத் தரகு பாத்தவன் நாலு செவுத்துக்குப் பாக்கமாட்டேனா?" என்று வேம்புலியும் அம்பத்தூர் ஸ்டேஷனில் போய் நின்றான்.

நின்றதுதான் மிச்சம். முதலில் இறங்கிய வக்கீல் ஒருவரிடம், வாடகையைச் சொல்கிறேன் பேர்வழி என்று துண்டைப் போட்டு அவர் விரலைப் பிடித்துவிட்டான். அவர் மோதிரம் போச்சு என்று கத்திவிட்டார். இன்னொரு குடும்பத்தை வெயிலில் ஏரிக்கரை வரைக்கும் நடத்திக்கொண்டு வந்து வீட்டைக் காட்டினான். அவர்கள் அவனை அனுப்பிவிட்டு, மறுநாள் வீட்டுக்காரனிடமே நேராகப் பேசிக் குடிவந்துவிட்டார்கள். பாடியிலிருந்து வரும் தரகன் சம்பத், சட்டையும் குடையுமாக, குடும்பம் குடும்பமாகக் கூட்டிக்கொண்டு போவான். போகிற போக்கில், "இன்னா மாமே, வந்த கிராக்கிக்குப் பல்லப் புடிச்சிப் பாத்தியா? எத்தினி பல்லு?" என்பான். ஸ்டேஷனே சிரிக்கும்.

அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் வேம்புலி பூந்தமல்லி ரோட்டுக்கு இடம் மாறினான். அங்கேதான் ஜோசப்ராஜ் கிடைத்தார். துறைமுக ஆபீசில் குமாஸ்தா, ராயபுரத்துக்காரர். பூந்தமல்லியில் ஒரு வீட்டில் குடியேறி மூச்சு விடுவதற்குள், ரங்கூனிலிருந்து வீட்டுக்காரன் மகன் தப்பி வந்துவிட்டான் என்று காலி செய்யச் சொல்லிவிட்டார்களாம். குழந்தை குட்டியோடு நின்றார். வேம்புலி தன் தங்கை வீட்டைப் பற்றிச் சொன்னான். ஓட்டு வீடு, கிணறு பக்கத்தில், தங்கை பின்னால் கொட்டகையில் இருந்துகொள்வாள். எல்லாம் கேட்டுவிட்டு அவர், "இவ்வளவு நல்ல வீடுன்னா ஏன் வாடகைக்கு விடறாங்க?" என்றார்.

சந்தைக் கேள்வி. அப்படியே அதே கேள்வி. வேம்புலியின் வாயிலிருந்து சந்தைப் பதில் வந்து விழுந்துவிட்டது.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப் பூடல. அந்தாளு வந்ததும், 'நான் சொன்னது பொய்'னு சொல்லிடு" என்றாள் அங்கம்மா.

"சொன்னா வண்டி அப்டியே திரும்பிப் பூடும். ரங்கூன் ஆளு திரும்பி வந்துதான் அவர வெளிய தொரத்தினாங்க. இங்கியும் ஒரு ரங்கூன் ஆளு கீறாருன்னா..."

"கீறாருதான். வரப்போறாருதான்."

"வரட்டும். நான் இன்னா வாணாம்னா சொல்றேன்? மச்சான் வந்த அன்னிக்கே அவங்களுக்கு வேற ஊடு பாத்துக் குடுத்துட்றேன்."

"மொத ஊட்டுக்குத் தங்கச்சி புருஷன சாவடிச்சே. ரெண்டாவது ஊட்டுக்கு யாரு, நானா?"

அங்கம்மாவின் புருஷன் உலகநாதன் ரங்கூன் அரிசி மில்லில் வேலை பார்த்துக் கட்டிய வீடு அது. மார்கழியில் ரங்கூனில் குண்டு விழுந்ததிலிருந்து அவனைப் பற்றிச் சேதி இல்லை. காட்டு வழியாக நடந்தே வந்தவர்கள் என்று ஒருவர் இருவர் வந்து சேர்ந்தார்கள். திருமுல்லைவாயிலில் ஒருத்தர் வந்திருக்கிறார், பட்டாபிராமில் ஒருத்தர் என்று காதில் விழுந்தால் போதும், அங்கம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடுவாள். வந்தவன் எலும்பும் தோலுமாகப் படுத்திருப்பான். "உயரமா, இந்தப் பக்கம் புருவத்துல ஒரு தழும்பு, வழியில பாத்தியா நைனா?" என்று கேட்பாள். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வான். அவள் வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, பொட்டு வைத்துக்கொள்வாள்.

வேம்புலிக்கு இதெல்லாம் தெரியாதா? தெரியும். இருந்தும் சொன்னான்: "நீ ஒண்ணும் பேச வாணாம். முந்தானைய இழுத்துப் போத்திக்கினு உள்ள இரு. அந்த... நெத்தியில..."

"சொல்லு. நெத்தியில?"

"ஒண்ணுமில்ல."

"சொல்லேன்."

தெருமுனையில் சக்கரம் கிரீச்சிட்டது.

இரண்டு வண்டி. ஒன்றில் கட்டில், பீரோ, தையல் மிஷின், கூடையில் ஒரு கோழி. மற்றதில் கைக்குழந்தையோடு ஞானகுமாரி, அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் குழந்தை. புழுதியில் குழந்தையின் இமைகூட வெளுத்திருந்தது. ஜோசப்ராஜ் குதித்து இறங்கி, கட்டை அவிழ்க்கப் போன வண்டிக்காரனைக் கையமர்த்தினார்.

"இறக்க வேண்டாம்ப்பா, இரு. வேம்புலி, கோவிச்சுக்காதீர். என் சம்சாரத்துக்கு மனசு ஒப்பலை."

"இன்னாங்க, இன்னா கொறை? கெணறு வேணா இன்னொரு தபா பாருங்க..."

"கிணறு இருக்கட்டும். நேத்து ஏரிக்கரையில உம்ம தங்கச்சி நெத்தியில குங்குமம் இருந்துச்சாம். வழியெல்லாம் இதையே சொல்லிக்கிட்டு வர்றா."

ஞானகுமாரி வண்டியிலிருந்தபடியே தாழ்ந்த குரலில் சொன்னாள்: "நாங்க வேதக்காரங்கதான் அண்ணே. ஆனா உங்க முறை எங்களுக்கும் தெரியும். அவர் உயிரோட இருக்கார்னா அது சந்தோஷம்தான். நாங்க வேற இடம் பாத்துக்கறோம். இன்னொரு தரம் சாமானைத் தெருவுல வச்சிட்டு நிக்க என்னால முடியாது."

"உண்மையைச் சொல்லும் வேம்புலி" என்றார் ஜோசப்ராஜ். "ஆள் இருக்காரா, இல்லையா?"

வேம்புலி வாயைத் திறந்தான். சந்தையில் தானாக வருகிற வாய். ஒன்றும் வரவில்லை. தெருவில் வேடிக்கை பார்க்க ஆட்கள் கூடியிருந்தார்கள். இந்த வண்டி திரும்பினால் நாளைக் காலையில் சம்பத்துக்குச் சேதி போய்விடும். அப்புறம் எந்த ஸ்டேஷனிலும், எந்த ரோட்டிலும் தான் நிற்கமுடியாது என்பது அவனுக்குத் தெரிந்தது. 'இல்லை' என்று ஒரு சொல் போதும். அவன் பார்வை வீட்டுப் பக்கம் போயிற்று.

அங்கம்மா வாசலில் வந்து நின்றிருந்தாள். முந்தானை இழுத்துப் போர்த்தியிருந்தது. நெற்றியில் பொட்டு அப்படியே இருந்தது.

வண்டியிலிருந்த பெண் குழந்தை கேட்டது: "அம்மா, இங்கயும் போகச் சொல்றாங்களா?"

அங்கம்மா குழந்தையைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள். அவன் துண்டின் நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"கைப் பழக்கம்மா" என்றாள் ஞானகுமாரியிடம். "இத்தினி வருசமா வெச்ச கையி. காலைல எழுந்தா அதுவா நெத்திக்குப் போவுது. தப்பா நெனச்சிக்காத."

சொல்லிக்கொண்டே முந்தானையால் துடைத்தாள். பொட்டு முழுக்கப் போகவில்லை. நெற்றியில் சிவப்பாக இழுவிக்கொண்டு நின்றது. ஞானகுமாரி குழந்தையோடு இறங்கி ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அங்கம்மா அழவில்லை. "புள்ளைக்குத் தண்ணி குடு மொதல்ல" என்றாள்.

பொழுது சாய்வதற்குள் சாமான் எல்லாம் இறங்கிவிட்டது. விறகு எங்கே, உரல் எங்கே, கிணற்றில் வாளியை எப்படி விடவேண்டும் என்று அங்கம்மாவே கூடப் போய்க் காட்டினாள். ஜோசப்ராஜ் தரகைக் கொடுத்தபோது வேம்புலி பழக்க தோஷத்தில் துண்டைக் கைமேல் போட்டுக்கொண்டு வாங்கினான். அவர் சிரித்தார். "எங்க ஆபீசுல இன்னும் நாலு குடும்பம் வீட்டுக்கு அலையுது. நான் சொல்லி அனுப்பறேன். நேர்மையான மனுஷர்னு சொல்றேன்."

வேம்புலி தலையை ஆட்டினான். இந்தச் சொல்லுக்காகத்தான் இத்தனை நாள் வெயிலில் நின்றான். காதில் விழுந்தது, உள்ளே இறங்கவில்லை.

கொட்டகைக்குப் போனான். காலியான மாட்டுத் தொட்டியின் விளிம்பில் அங்கம்மா உட்கார்ந்திருந்தாள்.

"மூஞ்சியக் கழுவிகினு மறுபடி வெச்சிக்கோ. இங்க உள்ள யாரு பாக்கப்போறாங்க?"

அவள் தொட்டிக்குள் ஒட்டிக் கிடந்த வைக்கோலைப் பொறுக்கி வெளியே போட்டாள்.

"மச்சான் வரட்டும். அவர் கால்ல உழுந்து நானே சொல்றேன். சிரிப்பாரு, பாரேன். என்னையும் சாவடிச்சியா மச்சான்னு கேட்டுச் சிரிப்பாரு."

வீட்டுக்குள்ளே ஜோசப்ராஜ் குடும்பம் ஜெபம் சொல்லும் குரல் கேட்டது. ஜெபம் முடிந்தது. பிறகு யாரோ வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்கள். உலகநாதன் தேக்குப் பலகை வாங்கிச் செய்வித்த கதவு. அங்கம்மா அந்தச் சத்தத்துக்குத் தலையைத் தூக்கினாள்.

"அண்ணா, நாளைக்கே அவரு நடந்து வந்து அந்தக் கதவத் தட்றாருன்னு வெச்சிக்கோ. நான்தான் உலகநாதன், இது என் ஊடுன்னு சொல்றாரு. உள்ளேர்ந்து அந்தம்மா அவருகிட்ட இன்னா சொல்லும்?"