அறந்தாங்கி வெயிலை நம்பிய மைப்பஞ்சு

1

இந்தக் கதை ஒரு கையில் ஆரம்பித்தது. போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அம்மா, "கை ஏண்டா ஊதாவா இருக்கு?" என்று கேட்டார். நான் கேமராவை அணைத்துவிட்டு, "சிக்னல் இல்லம்மா" என்றேன். ஒரே வரியில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. அதனால்தான் மலர் அக்கா, உனக்கு இதை எழுதுகிறேன். எழுதுகிறேன் என்றால், கைபேசியிடம் பேசுகிறேன்; அது எழுதிக்கொள்கிறது. தொட்டு எழுதினால் திரையெல்லாம் மை.

நீதான் அம்மாவுக்கு இதை வாசித்துக் காட்டுவாய் என்று தெரியும். அதனால் ஓர் ஏற்பாடு. அடைப்புக்குறிக்குள் இருப்பதை மனசுக்குள் படித்துக்கொள். மற்றதை மட்டும் சத்தமாக வாசி.

2

தொடக்கம் பலவிதமாகப் போட்டுப் பார்த்தேன்.

'தங்காக் துணிக்கடைத் தெருவில் மாலை மயங்கும் வேளையில் —' வேண்டாம். நடந்தது மத்தியானம்.

'சுகுமாறன் உழைப்பால் உயர்ந்தவன்.' உயரவில்லை. மாடியில் நின்றான், அவ்வளவுதான்.

'மெஷின் நின்றுவிட்டது.' இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

சுகுமாறன் நான் இல்லை, அம்மா. அவனும் அறந்தாங்கிக்காரன். அவனும் மலேசியாவில், ஜொகூர் மாநிலத்துத் தங்காக்கில் பேனர் அடிக்கும் கடையில் வேலை பார்க்கிறான். அப்படி எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

3

மெஷின் நின்றுவிட்டது. சுவர் அகலத்துக்குப் படம் அடிக்கிற பெரிய மெஷின். திரையில் சிவப்பு எழுத்து: வேஸ்ட் இங்க் டேங்க் நிறைந்துவிட்டது.*

* அம்மாவுக்கு: வெற்றிலை போடுகிறவர் பக்கத்தில் படிக்கம் இருக்கும் இல்லையா, அந்த மாதிரி. மெஷின் அடிக்கடி வாய் கொப்பளித்து மையைத் துப்பும். துப்பியதை வாங்கிக்கொள்ள ஒரு பெட்டி, பெட்டிக்குள் தடித்த பஞ்சு. அது நிறைந்துவிட்டால் மெஷின் ஒரு கோடுகூட இழுக்காது.

புதுப் பெட்டி ஜொகூர் பாருவிலிருந்து, இங்கே ஜேபி என்பார்கள், திங்கட்கிழமைதான் வரும். அன்று வெள்ளி. மறுநாள் ஒரு கல்யாணம். மணமேடைக்குப் பின்னால் மாட்டும் படத்தை அடித்தே ஆக வேண்டும். முதலாளி கிருஷ்ணகுமாரி மேடம் பக்கத்து ஊர் மூவாருக்குப் போயிருந்தார்.

(உனக்கு மட்டும் அக்கா. மேடம் முந்தின வாரமே, இந்த ஊர் வழக்கப்படி 'லா' சேர்த்து, சொல்லிவிட்டார்: "இந்த மெஷின் இன்னொரு தடவ மக்கர் பண்ணுச்சு, வித்துடுவேன் லா. ஆர்டர் எடுத்து ஜேபிக்கு அனுப்பி அடிச்சு வாங்கிட்டா போதும்." மெஷின் போனால் மெஷின் ஓட்டுகிறவன் எதற்கு? என் பெர்மிட் — அவன் பெர்மிட் — தீபாவளிக்கு முன்னால் முடிகிறது. புதுப்பிப்பதைப் பற்றி மேடம் இன்னும் வாய் திறக்கவில்லை.)

4

சுகுமாறன் பெட்டியைத் திறந்து பஞ்சை வெளியே இழுத்தான். பிழிந்தான். எல்லா நிறமும் சேர்ந்து கறுப்பாக வடிந்தது. பிழிந்ததையும் அலசின தண்ணீரையும் கேனில் ஊற்றி மூடி வைத்தான். வாய்க்காலில் விட்டால் மேடம் தோலை உரித்துவிடுவார். கை ஊதாவானது.

(இதோ பதில் வந்துவிட்டது. ஆனால் இங்கே நிறுத்தினால் அம்மாவுக்கு இன்னும் பத்துக் கேள்வி வரும்.)

பிறகு, ஊரில் தலையணை காயப்போடுகிற மாதிரி, மாடி முன்பக்கம் கொடி கட்டி, கிளிப் மாட்டி, பஞ்சுகளை வரிசையாகத் தொங்கவிட்டான். வெயில் சுள்ளென்று அடித்தது. டீ குடித்து வருவதற்குள் காய்ந்துவிடும் என்று நினைத்தான்.

நினைப்பு அறந்தாங்கி வெயிலை நம்பியது. பெய்தது தங்காக் மழை.

பேனர் கடை மாடியில். கீழே வெள்ளையம்மா ஆன்ட்டியின் துணிக்கடை. வெயிலைப் பார்த்து அவரும் வாசலைத் தாண்டி மேசை போட்டு, வெள்ளைக் காட்டன் துணியை விரித்து வைத்திருந்தார். மழைக்கு அவர் ஓடி வருவதற்குள் மை வந்துவிட்டது.

5

"டேய்! மேல யாருடா? கோழி அறுக்குறியா?"

"இல்ல ஆன்ட்டி, பஞ்சு காயப்போட்டேன்."

"மழையிலயா?"

"மழை வரும்னு தெரியல ஆன்ட்டி."

"இந்த ஊருக்கு வந்து எவ்ளோ நாளாச்சு?"

"ரெண்டு வருசம்."

"ரெண்டு வருசமா ஒரு மத்தியானம்கூட வானத்தப் பாக்கலியா நீ?"

(இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்துச் சொன்னார். ஒன்று மலாய். இரண்டும் இங்கே வேண்டாம்.)

துணியில் கறுப்பாக விழுந்த சொட்டு, ஈரத்தில் மெல்லப் பிரிந்து, ஓரமெல்லாம் நீலமும் ரோஸுமாக விரிந்துகொண்டிருந்தது. அழகாகத்தான் இருந்தது. அதை அந்த நேரத்தில் யாரிடம் சொல்வது?

6

இங்கிருந்து கதை எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

தெருவில் போகிற ஒரு பெண்மணி நின்று, "இந்த பாத்திக் துணி எங்க எடுத்தீங்க?" என்று கேட்டு மொத்தத் துணியையும் வாங்கிப் போகிறார். இதை எழுதிப் பார்த்தேன். நானே நம்பவில்லை.

மேடம் திரும்பி வந்து, சுகுமாறனை அந்த இடத்திலேயே —

(இதை முடிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.)

நடந்ததையே சொல்லிவிடுகிறேன். மேடம் வந்தார். ஆன்ட்டி துணியோடு மாடிக்கே ஏறி வந்து விரித்துக் காட்டினார்.

"அலமாக்! சுகு, என்ன வேல இது?"

"டேங்க் ஃபுல்லாயிடுச்சு மேடம். நாளைக்குக் கல்யாணப் படம்..."

"எந்தக் கல்யாணம்?" என்றார் ஆன்ட்டி.

மேடம்தான் மெதுவாகச் சொன்னார். "உங்க தங்கச்சி மக லோஷினி கல்யாணம்தான் ஆன்ட்டி."

ஆன்ட்டிக்குத் துணி மறந்துபோயிற்று. "இன்னுமா அடிக்கல? பொண்ணு மாப்பிள்ளைக்குப் பின்னால வெறும் சுவரா?"

"பஞ்சு காஞ்சாதான் மெஷின் ஓடும் ஆன்ட்டி."

"இன்னிக்குக் காயுற பஞ்சா இது?" ஆன்ட்டி மழையைப் பார்த்தார். சொட்டும் பஞ்சைப் பார்த்தார். கையிலிருந்த துணியைப் பார்த்தார். "மைய குடிக்க ஏதாச்சும் இருந்தாப் போதும்தானே? இத வெட்டித் திணி. இனிமே இத எவன் கட்டுவான்?"

கீழேயிருந்து கத்தரியை வரவழைத்து அவரே வெட்டினார். நனையாத பக்கமாகப் பார்த்துச் சுகுமாறன் மடித்தான். மேடம் பெட்டிக்குள் இறுக்கமாக அடுக்கினார். பெட்டி காலி என்று மெஷினை நம்பவைக்க ஒரு சின்னக் கருவி உண்டு. அதைப் பெட்டியில் ஒட்டியிருக்கும் சிப்பில் வைத்துச் சுகுமாறன் அழுத்தினான். சிவப்பு பச்சையானது. மெஷின் கொப்பளித்தது, துப்பியது. துணி சத்தமில்லாமல் குடித்தது.

முதலில் லோஷினியின் நெற்றிச்சுட்டி வந்தது. மூக்கு வரும்வரை மூவரும் மூச்சு விடாமல் நின்றார்கள். மாப்பிள்ளையும் வந்து சேர்ந்ததும் ஆன்ட்டி குனிந்து பார்த்தார். "நேர்ல மீச இவ்ளோ இல்லையே?"

"டிசைன்ல கொஞ்சம் சேத்தோம் ஆன்ட்டி."

"நல்லா இருக்கு. இருக்கட்டும்." படியிறங்கும்போது திரும்பினார். "துணிக்கு உன்ன அப்புறம் கவனிச்சுக்குறேன்."

7

அவர் போன பிறகு மேடம் அந்தப் பெட்டியை விரலால் தட்டிப் பார்த்தார்.

"இந்தத் துணி எவ்ளோ நாள் தாங்கும்?"

"தீபாவளி வரைக்கும் தாங்கும் மேடம்."

"அப்புறம்?"

"அப்புறம் மாத்தணும்."

"யாரு மாத்துவா? எனக்கு இதெல்லாம் தெரியாது லா."

சொல்லிவிட்டுக் கார் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அக்கா, கதை இங்கே நிற்கிறது. மேடம் சொன்னது கேள்வியா, பதிலா? சுகுமாறன் — சரி, நான்தான் — போய்க் கேட்டிருக்கலாம். கேட்டால் ஏதாவது ஒரு முடிவு வந்துவிடும் என்பதால் இன்னும் கேட்கவில்லை. மேடத்தின் அந்தக் கடைசி வரியைச் சலிப்பாக வாசித்தால் ஒரு கதை. சிரித்துக்கொண்டே வாசித்தால் வேறு கதை. எந்தக் குரலில் வாசிப்பது என்பதை உன்னிடம் விட்டுவிடுகிறேன்.

(இந்த அடைப்புக்குறியை மட்டும் அம்மாவுக்குச் சத்தமாகவே வாசித்துவிடு. கை கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து வருகிறது. நேற்றுக் காலையில் மெஷின் மேல் ஒரு பெரிய பெட்டி நிறையக் கையுறை இருந்தது. யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை. மேடத்தின் கை சின்னக் கை. உறை என் அளவு.)