துளசிராமை நிறுத்தாமல்

திருப்பரங்குன்றத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் துளசிராமின் இதயம், மூன்று வருடமாக ஒத்தக்கடையில் ஒரு கம்பெனி கம்ப்யூட்டரில் துடித்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கம்பெனியின் சர்வர்களில் நடப்பதெல்லாம் வரிவரியாக லாக் என்று பதிவாகும். அந்த வரிகளைக் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்க ஒரு மென்பொருள் உண்டு. அது ஓடினால் இதயமும் ஓடும், நின்றால் நிற்கும். எப்படி ஒட்டிக்கொண்டது என்று யாருக்கும் தெரியாது. அந்த மென்பொருளைப் பார்த்துக்கொள்பவர் அவர் மனைவி ஹம்சவேணி என்பது மட்டும் ஊருக்கே தெரியும்.

லாக்கில் துளசிராமும் வந்தார். 'ஏழாம் சர்வர் சூடாக இருக்கிறது' என்ற வரிக்குக் கீழே 'துளசிராம் தும்மினார்' என்று இருக்கும். 'காபியில் மூன்று கரண்டி சர்க்கரை' என்று மஞ்சள் எச்சரிக்கையோடு இருக்கும். முதலில் பயந்த ஹம்சவேணி, சுகர் உள்ள மனுசனைக் கையும் களவுமாகப் பிடிக்க இதைவிட வசதி ஏது என்று விட்டுவிட்டார். வினை வேறு இடத்தில் இருந்தது. புதிய சர்வரைச் சேர்க்க வேண்டுமானால், எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று மென்பொருளுக்கு எழுதிவைத்த அமைப்புக் கோப்பைத் திருத்தி, மென்பொருளை நிறுத்தி, மறுபடி கிளப்புவது ஆபீஸ் பழக்கம். முதல் தடவை நாற்பது விநாடி துளசிராம் கல்லாவில் சாய்ந்து கிடந்தார். அடுத்த தடவை ஒன்றரை நிமிடம். மூன்றாம் தடவை மூன்று நிமிடம். எழுந்ததும் கரண்டு போச்சா என்று கேட்டார். டாக்டர் எல்லாம் நார்மல் என்று எழுதிக் கொடுத்தார். ஹம்சவேணி பஸ்ஸில் அழுதுகொண்டே வேலைக்குப் போனார்.

இந்த ஆனியில் கம்பெனி நாகமலை புதுக்கோட்டையில் கிளை திறந்தது. பதினொரு சர்வரைச் சேர்க்க வேண்டும். புது மேலாளர் குருபிரசாத் நல்ல பிள்ளைதான், ஆனால் அவசரக்குடுக்கை.

"ரீஸ்டார்ட் பண்ணிருவோம் மேடம். மூணு நிமிஷந்தானே?"

"அது போன வாட்டி, தம்பி. இந்த வாட்டி எம்புட்டு நேரம்னு நீங்க சொல்வீங்களா? உங்க வீட்டு ஆளா இருந்தா கைய வப்பீங்களா?"

குருபிரசாத் சாயங்காலம் ஐந்து மணி வரை அவகாசம் கொடுத்தார்.

வழி, கையேட்டின் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தது. அவ்வளவு தூரம் யாரும் படித்ததில்லை. ஓடுகிற மென்பொருளை நிறுத்தாமலே, கோப்பை மறுபடி படித்துக்கொள் என்று கட்டளை கொடுக்கலாமாம். ஹம்சவேணி பழைய கோப்பைத் தொடாமல் முதலிலிருந்து புதிதாக ஒன்று எழுதினார். நாலரைக்குக் கணவரை போனில் பிடித்து, நிறுத்தாமல் எதையாவது பேசிக்கொண்டே இருங்கள் என்று தங்கள் வீட்டு மொழியான சௌராஷ்டிரத்தில் சொன்னார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அவரிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. துளசிராம் சந்தோஷமாகத் தக்காளி விலையில் ஆரம்பித்தார்.

கட்டளை போனது. தக்காளி பாதியில் நின்றது. போனில் ஒரு விக்கல் கேட்டது. பிறகு கத்தரிக்காய் விலை வந்தது. திரையில், 'முதல் வரி புரியவில்லை, பழைய அமைப்பிலேயே ஓடுகிறேன்' என்று இருந்தது.

முதல் வரியில் 'உ' இருந்தது. பிள்ளையார் சுழி! ஹம்சவேணி மளிகைச் சீட்டைக்கூட அது இல்லாமல் தொடங்காதவர். கை தானாகப் போட்டுவிட்டது. எட்டிப் பார்த்த குருபிரசாத் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். நிறுத்திக் கிளப்பியிருந்தால் மென்பொருள் இந்த வரியில் முட்டிக்கொண்டு எழுந்தே இருக்காது.

"நல்லவேளை மேடம். நான் பாட்டுக்கு ரீஸ்டார்ட் பண்ணிருந்தா..." என்றார்.

சுழியை அழிக்க ஹம்சவேணிக்கு மனசு வரவில்லை. அதற்கு முன்னால் # என்று ஒரு குறி போட்டார். அந்தக் குறி உள்ள வரியை மென்பொருள் படிக்காமல் தாண்டிவிடும், பிள்ளையார் படித்துக்கொள்வார். அப்படியே கடைசியில், சர்க்கரை இரண்டு கரண்டிக்கு மேல் கூடாது என்றும் ஒரு வரி சேர்த்தார். மறுபடி கட்டளை போனபோது துளசிராம் வெண்டைக்காயில் இருந்தார். ஒரு சொல்கூடத் தடுக்கவில்லை. பதினொரு சர்வரும் திரையில் வந்தன.

அன்றிலிருந்து மூன்றாவது கரண்டிக்குப் போகும் அவர் கை தானாகத் திரும்பிவிடுகிறது. யார் வேலை என்று தெரியும், கேட்பதில்லை. இப்போதெல்லாம் மாதம் இரண்டு தடவை அமைப்பு மாறும்; அன்றைக்கு முதலில் குருபிரசாத்தே கடைக்கு போன் போட்டு, "அண்ணே, பேச ஆரம்பிங்க" என்பார். போன வாரம், மாற்றம் முடிந்து ரொம்ப நேரமாயிற்றே, வைத்துவிடட்டுமா என்று துளசிராம் மனைவியிடம் கேட்டார். வேண்டாம், பேசுங்கள் என்றார் ஹம்சவேணி.