இருநூற்றுப் பன்னிரண்டாவது வரி

தங்கச் சுரங்க ஊரான ராபர்ட்சன்பேட்டையின் பஜாரில், துணிக்கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்தச் சின்ன சாஃப்ட்வேர் ஆபீசில் மேகனாவின் வேலை நிரந்தரமாக இன்னும் நான்கே நாள்தான் பாக்கி. அன்றைக்குப் பார்த்தா இப்படி நடக்க வேண்டும்?

பார்சல் முகவரிகளைச் சரிபார்க்கும் புரோகிராம் ஒன்றைப் பெங்களூர் கம்பெனிக்காகச் செய்துகொண்டிருந்தார்கள். அதற்குள் இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு ஃபைலைச் சேர்த்திருந்தார்கள். யாரும் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் சேர்த்து விற்றால் உங்கள் புரோகிராமையும் அதேபோல் திறந்து கொடுக்க வேண்டும், எழுதியவர் பெயரும் இருக்க வேண்டும் என்பது அதன் லைசென்ஸ். பெங்களூர்க்காரர்களின் ஒப்பந்தமோ அப்படிப்பட்ட ஃபைலே கூடாது என்றது. போன வாரச் சோதனை அறிக்கையில் அது சிவப்பு வரியாக வந்திருந்தது.

இன்றைக்கு அந்தச் சிவப்பு வரியைக் காணோம். ஃபைலைத் திறந்தாள். தலைப்பிலிருந்த லைசென்ஸ் பத்து வரியும் போய், கம்பெனி பெயர் இருந்தது. அதன் கீழே, 'எழுதியவர்: மேகனா'.

உண்மையில் எழுதியவர், பக்கத்துச் சுரங்கப் பகுதியான சாம்பியன் ரீப்ஸைச் சேர்ந்த ஆஸ்டின். தப்பான முகவரி வந்தால் திரையில் விழும்படி ஃபைலின் இருநூற்றுப் பன்னிரண்டாவது வரியில் எழுதியிருந்ததைப் பார்த்ததுமே நம்ம ஊர்க்காரர் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது: 'இன்னா சாமி, லெவல் மாறி வந்துட்ட.' சுரங்கத்தின் ஆழ அடுக்கைச் சொல்லும் 'லெவலை' வேறு எந்த ஊர்க்காரன் முகவரிக்குச் சொல்வான்? போன வியாழக்கிழமையே அவருக்கு போன் செய்திருந்தாள்.

"கேட்டீங்களே, அதுவே பெரிசும்மா. முழுசும் நான் எழுதனதுதான். உங்களுக்குத் தனி லைசென்ஸ் எழுதித் தர்றேன். புதன்கிழமை வரிக்கும் டைம் குடுங்க. பேரை மட்டும் எடுத்துடாதீங்க."

இதை முதலாளி ரூபேஷிடம் சொல்லியும் இருந்தாள். ரூபேஷும் இதே ஊர்தான். ஆனால் ஆபீசில் யாராவது 'இன்னா' என்றால் முகம் சுளிப்பார், பெங்களூர்க்காரர்கள் சிரிப்பார்களாம்.

நேரே அவர் அறைக்குப் போனாள். "சார், என் பேரை யார் போட்டது?"

"நான்தான். உன் லாகின்லதான் போட்டேன்."

"ஆஸ்டின் சார் புதன்கிழமை தர்றேன்னு சொன்னாரே."

"டெலிவரி நாளைக்கு. நம்ம ஊர் ஆள்தானே, கோர்ட்டுக்கா போயிடப் போறாரு? எல்லாம் நம்மளே எழுதனதுன்னு பெங்களூருக்கு அனுப்பற ஃபார்ம்ல ஒரு கையெழுத்துப் போடு. உன் கன்ஃபர்மேஷன் லெட்டர் என் டேபிள் மேலதான் இருக்கு."

வெளியூர்க்காரன் எழுதியதென்றால் பயமாம், நம்ம ஊர்க்காரன் எழுதியதென்றால் உரிமையாம். இரண்டு நாள் பொறுத்தால் முறைப்படி கிடைக்கக்கூடியதைத் திருடிவிட்டு, திருட்டுக்கு அவள் பெயரையும் வைத்திருக்கிறான் இந்த மனுஷன்.

இருக்கைக்கு வந்து பத்து வரிகளையும் திருப்பி வைத்தாள். சிவப்பு வரி திரும்பி வந்தது. ஃபார்மில், 'பிறர் எழுதியவை' என்ற இடத்தில் ஆஸ்டின் பெயரை எழுதி, 'தனி லைசென்ஸ் கைக்கு வரும்வரை இதைக் கொடுக்கக் கூடாது' என்று சேர்த்துக் கையெழுத்திட்டாள். பெங்களூருக்கே அனுப்பினாள், ரூபேஷுக்கும் ஒரு நகல்.

ஐந்து நிமிடத்தில் அறைக் கதவு படாரென்று திறந்தது.

"இன்னா பண்ணி வெச்சிருக்க நீ?"

ஆபீசே திரும்பிப் பார்த்தது.

"அதேதான் சார், இருநூத்திப் பன்னண்டாவது வரி," என்றாள் மேகனா. "அந்த 'இன்னா'வ அழிக்க மறந்துட்டீங்க. அது ஆஸ்டின் சார் எழுதனது."

டிபன் பாக்ஸைப் பையில் போட்டுக்கொண்டாள். கடிதத்தைக் கேட்காமலே படியிறங்கினாள்.